இரண்டில் ஒன்று

தீயணைப்பு நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிதானம் என்பார்கள். வயதில் சின்னவர்கள் நிதானம் அக்கா என்பார்கள். அவளுக்குத் தொலைபேசி அறையில் வேலை. வீடு பற்றி எரிகிறது என்று யாராவது தொண்டை கிழியக் கத்தினாலும், "நிதானமா சொல்லுங்க, எந்தத் தெரு?" என்றுதான் ஆரம்பிப்பாள். அந்தச் சொல்லே நாளடைவில் பெயராக ஒட்டிக்கொண்டது. வீட்டில் அவள் அப்படியொன்றும் நிதானமானவள் இல்லை என்பது அவள் கணவருக்கு நன்றாகத் தெரியும். அவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். "உங்க ஸ்டேஷன் ஆளுங்களை ஒரு நாள் நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டு வா. சாயங்காலத்துக்குள்ள வேற பேர் வச்சிருவாங்க" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவளுடைய அறை, வண்டிகள் நிற்கும் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருந்தது. ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் வழியே இரண்டு சிவப்பு வண்டிகளின் முகப்பும், கொக்கிகளில் வரிசையாகத் தொங்கும் கனத்த மேலங்கிகளும் தெரியும். எதிர்ச்சுவரில் ஊரின் பெரிய வரைபடம். எத்தனையோ பேர் விரல் வைத்து வைத்து, பழைய சந்தைப் பகுதியில் தெருப் பெயர்களே அழிந்துபோயிருந்தன. அழிந்த பெயர்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

சங்கச் செயலாளர் பதவி அவள் ஆசைப்பட்டு வந்ததில்லை. முன்பு இருந்தவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அடுத்தவர் யார் என்று கேட்டபோது கூட்டத்தில் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். "எப்படியும் அக்காதான் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்காங்க" என்றது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அவ்வளவுதான், பதவியை அவள் தலையில் கட்டிவிட்டுக் கலைந்து போனார்கள்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. தீயணைப்பு ஆட்களுக்குச் சம்பளம் கொடுப்பது நகரசபை. நகரசபையின் கணக்கு அதிகாரி அவளுடைய கூடப்பிறந்த தம்பி. சம்பள உயர்வுப் பேச்சு வந்தால், மேசைக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் தம்பி. இருவருக்கும் ஒரே மாதிரி அகன்ற நெற்றி, ஒரே மாதிரி கோபம். அம்மா தம்பி வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அங்கேதான். முதல் வருஷமே அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்: "வாசல்ல செருப்பு கழட்டும்போது உங்க சம்பளப் பேச்சையும் அங்கேயே கழட்டிட்டு வாங்க." இருவரும் அதை மீறவில்லை.

அந்தக் காலத்தில் சம்பளத் தகராறு தீரும் விதம் விசித்திரமானது. தீயணைப்பு ஆட்கள் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்பது சட்டம். அதற்கு ஈடாக, பேச்சுவார்த்தை முறிந்தால் ஒரு நடுவர் வந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். நடுவர் யார் என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போகவே ஒரு வருஷம் ஓடிவிடும். வந்த நடுவர் இருவர் சொல்வதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் நடுவில் ஒரு கோடு போட்டுப் பாதியாக வெட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்ததால் சங்கம் வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லிக் கேட்டது. நகரசபை இரண்டு கையையும் விரித்தது. ஒருவர் கேட்பதிலும் உண்மை இல்லை, மற்றவர் மறுப்பதிலும் உண்மை இல்லை. இரண்டு பொய்களுக்கு நடுவில் எங்கோ ஓர் இடத்தில் சம்பளம் நின்றது. அதுவும் நான்கைந்து வருஷம் கழித்து.

அப்படி ஒரு தீர்ப்புக்காகக் காத்திருந்தவர்களில் பம்ப் இயக்குபவர் ஒருவர் இருந்தார். நல்ல வேலைக்காரர். தண்ணீர் அழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் காதாலேயே கண்டுபிடிப்பார். வீட்டில் மூன்று பிள்ளைகள். தீர்ப்பு வரும்வரை சமாளிக்கலாம் என்று விடியற்காலையில் ஒரு பால் கம்பெனி வண்டியை ஓட்டப் போனார். ஒரு நாள் தீயணைப்பு வேலை முடித்துத் தூங்காமல் வண்டி எடுத்தவர், கண்ணயர்ந்து ஒரு மதிலில் மோதினார். உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுநர் உரிமம் போயிற்று. உரிமம் இல்லாதவருக்குத் தீயணைப்பு வேலையும் இல்லை. அவர் சாமானைக் கட்டிக்கொண்டு போன அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது.

நிதானம் அவரைப் பார்க்கப் போனாள். அவர் ஒரு கிடங்கில் காவலாளியாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் திட்டவில்லை. "தீர்ப்பு சீக்கிரம் வந்திருந்தா, கம்மியா வந்திருந்தாக்கூடப் போதும்மா" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அடுத்த வருஷமே இந்த நடுவர் முறையைத் திருத்துவதற்காக அரசு ஒரு குழு அமைத்தது. யார் வேண்டுமானாலும் வந்து கருத்துச் சொல்லலாம் என்றார்கள். பெரிய சங்கங்களின் தலைவர்கள் வழக்கறிஞர்களோடு வந்தார்கள். இவள் ஒரு தண்ணீர் பாட்டிலோடு போனாள். வெளியூர்களில் சில இடங்களில் இருக்கிற ஒரு வழக்கத்தை எடுத்துச் சொன்னாள். இரு தரப்பும் தங்கள் கடைசிக் கணக்கை மூடி முத்திரையிட்டுக் கொடுக்க வேண்டும். நடுவர் பாதியாக வெட்டக் கூடாது. இரண்டில் ஒன்றை அப்படியே முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். எது நியாயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அது.

"அப்படின்னா ஒருத்தர் முழுசா தோத்துப்போவாங்களேம்மா" என்றார் குழுத் தலைவர்.

"அந்தப் பயம் இருந்தாதான் சார் ரெண்டு பேரும் நியாயமா கேப்பாங்க. இப்ப யாருக்கும் பயமில்ல."

அவள் பேச்சால்தான் சட்டம் மாறியது என்று சொல்வதற்கில்லை. இதையே இன்னும் பலர் சொல்லியிருந்தார்கள். ஆனால் மாறியது. நடுவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பது, விசாரணையை அந்தந்த ஊரிலேயே நடத்துவது, வருஷம் முடிவதற்குள் தீர்ப்பு, இரண்டில் ஒன்று. நிலையத்தில் அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். கொண்டாடியவர்களில் முதல் ஆள் ஏணிக்காரர்.

ஏணிக்காரர் என்பது பெரிய ஏணி வண்டியை இயக்குபவர். நாலாவது மாடி ஜன்னலுக்கு ஏணியை நீட்டச் சொன்னால், ஜன்னல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் நிறுத்துவார். தைரியசாலி. வாயும் அப்படித்தான். அவர் பேச ஆரம்பித்தால் கூட்டம் அவர் பக்கம் சாய்ந்துவிடும்.

புதுச் சட்டத்தின்படி முதல் சுற்று வந்தது. நிதானம் ஒரு மாதம் உட்கார்ந்து, தங்கள் ஊர் அளவுள்ள மற்ற ஊர்களின் சம்பளத்தையும் விலைவாசியையும் நகரசபை வருமானத்தையும் வைத்துக் கணக்குப் பார்த்தாள். நூற்றுக்கு ஆறு உயர்த்தக் கேட்கலாம் என்று தேறியது. வண்டிக்கூடத்தில் நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடந்தது. அவள் ஆறு என்றதும் யாரும் கைதட்டவில்லை.

ஏணிக்காரர் எழுந்தார். "ஆறு கேட்டா ஆறையா கொடுக்கப் போறாங்க?"

"இப்ப வெட்ட மாட்டாங்க. எடுத்தா முழுசா எடுப்பாங்க, விட்டா முழுசா விடுவாங்க."

"அப்ப எட்டா கேப்போம். எட்டையே முழுசா எடுக்கட்டும்!"

கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே முடிவாகிவிட்டது. துறைமுக ஊரில் எட்டு கொடுக்கிறார்களே, நாம் மட்டும் இளைத்தவர்களா என்று இன்னொருவர் கேட்டார். நகரசபை எப்படியும் ரெண்டு, மூணு என்றுதான் போடும், அதற்கு எதிரே எட்டு தாங்கும் என்றார்கள். அவள் தனக்குத் தெரிந்த வரையில் மறுத்துச் சொன்னாள். கைகளை எண்ணியபோது எட்டுக்குத்தான் கைகள் அதிகம். செயலாளர் என்ற முறையில் எட்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினாள். அன்றைக்கு வீட்டில் கணவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தாள். அவர் காரணம் கேட்கவில்லை, குளிக்கப் போய்விட்டார்.

விசாரணை நூலகத்தின் மாடியில் நடந்தது. நடுவர் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாள். ஒல்லியான உருவம். தொண்டை கட்டிக்கொண்டு, பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றி ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு உறைகளையும் எல்லோர் முன்னாலும் பிரித்தார். சங்கம் எட்டு. நகரசபை ஐந்து.

ஐந்து என்று கேட்டதும் சங்கத்து ஆட்களின் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்ப்பக்கம் தம்பி தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தான்.

நிதானம் எழுந்து எட்டுக்காகப் பேசினாள். நன்றாகவே பேசினாள். ஆள் பற்றாக்குறை, வயதாகிப்போன வண்டிகள், வேலையை விட்டுப் போகும் இளைஞர்கள் என்று அவள் அடுக்கிய ஒவ்வொன்றும் உண்மை. நடுவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"துறைமுக ஊரை உதாரணம் காட்டுறீங்க. அங்கே இருக்கிற ஆபத்தும் இங்கே இருக்கிற ஆபத்தும் ஒண்ணுதானா?"

ஏணிக்காரர் பின்னாலிருந்து தொண்டையைக் கனைத்தார். சொல்வதற்குப் பதில் இல்லாமல் இல்லை. தீ என்றால் எல்லா ஊரிலும் தீதான் என்று சொல்லியிருக்கலாம். இங்கேயும் பழைய சந்தையில் குறுகல் சந்துகள் உண்டு என்று பேச்சைத் திருப்பியிருக்கலாம். அவள் ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"இல்லைங்க. அங்கே எண்ணெய்த் தொட்டிங்க இருக்கு, ரசாயனக் கிடங்கு இருக்கு. அதுக்குன்னு தனிப் பயிற்சி எடுத்திருக்காங்க. எங்க ஊர்ல அது கிடையாது."

நடுவர் எதையோ குறித்துக்கொண்டார். வெந்நீரைக் குடித்தார்.

தீர்ப்பு சில வாரங்களில் வந்தது. அதை வண்டிக்கூடத்தில் எல்லோருக்கும் அவளே படித்துக் காட்ட வேண்டியதாயிற்று. பார்த்த ஆதாரங்களின்படி நியாயமான உயர்வு நூற்றுக்கு ஆறை ஒட்டியே வருகிறது. எட்டு அதற்கு இரண்டு தூரம், ஐந்து ஒன்று தூரம். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்பதால் ஐந்து என்று நடுவர் எழுதியிருந்தார்.

பிறகு ஏணிக்காரர் எழுந்து, மேலங்கி தொங்கும் கொக்கியைப் பார்த்தபடி சொன்னார்: "ஞாயித்துக்கிழமை சாப்பாடு செரிக்கணும்ல."

அது எங்கே போய்க் குத்த வேண்டுமோ அங்கே குத்தியது. தம்பிக்காக விட்டுக்கொடுத்துவிட்டாள் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. அவள் வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து அறையில் தொலைபேசி அடித்தது. போய் எடுத்தாள். ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் புகை. "நிதானமா சொல்லுங்க" என்றாள். அவளைக் குத்திப் பேசியவரும் அவருக்காகத் தலையாட்டியவர்களும் மறுநிமிஷம் அங்கிகளை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்கள். கூடத்தில் காலி நாற்காலிகள் மட்டும் கிடந்தன.

அடுத்த கூட்டத்தில் ஏணிக்காரரைச் செயலாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். அவளும் அவருக்கே கை தூக்கினாள். ஐந்து உயர்வு அடுத்த மாதச் சம்பளத்திலேயே ஏறியது. முன்பெல்லாம் அதற்கு நான்கு வருஷம் ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டாவது வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இருவர் சத்தமில்லாமல் அதை விட்டார்கள். அதையும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வீட்டுக்குப் போவதை நிறுத்தினாள். முதல் வாரம் தலைவலி என்றாள், அடுத்த வாரம் விருந்தாளி என்றாள். மூன்றாவது வாரம் அம்மா தொலைபேசியில், "சரி, அடுத்த வாரத்துக்கு என்ன வியாதின்னு இப்பவே சொல்லிடு" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு மத்தியானம் தம்பி வந்தான். ஸ்கூட்டர் சரியாக ஓடவில்லை, அத்தான் பார்க்கட்டும் என்று சாக்கு. அத்தான் ஸ்கூட்டரை முற்றத்தில் சாய்த்துப் போட்டுப் பிரிக்க ஆரம்பித்தார். அதில் கோளாறு ஒன்றும் இல்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் பிரித்தார். தம்பி வாசற்படியில் உட்கார்ந்தான். அக்கா நின்றுகொண்டே இருந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லணும். வெளியே போகக் கூடாது."

"சொல்லு."

"நகரசபைல மூணுதான் போடச் சொன்னாங்க. நான்தான் சண்டை போட்டு அஞ்சு ஆக்கினேன்."

"ஏன்?"

"அந்தப் பக்கம் கணக்குப் போடறது எங்க அக்கா, அவ சரியா ஆறுதான் போடுவா, நாம மூணு போட்டா முழுசா மண்ணைக் கவ்வுவோம்னேன். ஆறுக்கு எதிரா நிக்கணும்னா அஞ்சுக்குக் கீழ போகவே முடியாதுன்னேன். என்னை நம்பிப் போட்டாங்க. உறையைப் பிரிச்சு எட்டுன்னு படிச்சதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு."

அவள் உதடு மட்டும் அசைந்தது, கணக்குப் போடுவதுபோல. திடீரென்று குரல் உயர்ந்தது.

"டேய்! நீங்க மூணு போட்டிருந்தா, ஆறுக்கு மூணு தூரம். எட்டு ரெண்டுதான் தூரம். எட்டு ஜெயிச்சிருக்கும்டா!"

"ஆமாக்கா."

"நான் நியாயமா போடுவேன்னு நீ நம்பினதால எங்க ஆளுங்க தோத்தாங்க!"

"நீ நியாயமா போடுவேன்னு நம்பினதாலதான் எங்க ஆளுங்க மூணுக்குப் பதிலா அஞ்சு போட்டாங்க" என்றான் தம்பி, கொஞ்சம் சூடாகவே.

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். ஸ்கூட்டருக்குப் பின்னாலிருந்து அவள் கணவர், "இதை ஸ்டேஷன்ல சொன்னீங்கன்னா ஏணிக்காரர் உங்க ரெண்டு பேரையும் நாலாவது மாடில விட்டுட்டு ஏணியை எடுத்துட்டுப் போயிடுவாரு" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்து முடித்ததும் உள்ளே போய்த் தம்பிக்குக் காப்பி கொண்டுவந்தாள். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை போனாள். அந்த விஷயத்தை நிலையத்தில் யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஆனால் அது உள்ளே கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. கோபம் போன பிறகும், அந்தக் கணக்கில் ஏதோ ஒன்று சரியில்லை என்று தோன்றியது. தம்பி அவளை நினைத்துப் போட்டான். ஏணிக்காரர் நகரசபையை நினைத்துப் போட்டார். எதிரில் இருந்த உண்மையான கணக்கைப் பார்த்து யாருமே போடவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, புதுச் சட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க அதே குழு திரும்பக் கூடியது. முன்பு பேசியவர்களை மறுபடி அழைத்தார்கள். இப்போது அவள் எந்தப் பதவியிலும் இல்லை. ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள்.

"நீங்க கேட்ட முறைதான். அதுலயே நீங்க தோத்துட்டீங்க" என்றார் தலைவர், கொஞ்சம் தயங்கி. "பழைய முறையே தேவலாம்னு தோணுதா?"

"இல்லைங்க. பழைய முறைல நாங்க தோத்தோமா ஜெயிச்சோமான்னு தெரியறதுக்குள்ள பாதிப் பேர் ஊரை விட்டே போயிடுவாங்க. இது சீக்கிரம் முடியுது. ஆனா ஒண்ணு மட்டும் சேர்க்கணும்."

"என்ன?"

"உறையைப் பிரிச்ச அன்னைக்கே விசாரணையை ஆரம்பிக்கக் கூடாது. எதிராளி என்ன கேட்டிருக்காங்கன்னு பார்த்துட்டு, ஒரே ஒரு தடவை ரெண்டு பேரும் கணக்கைத் திருத்திக்க இடம் கொடுக்கணும். இப்ப ஆளை நினைச்சு நம்பர் போடறோம். நம்பரைப் பார்த்து நம்பர் போட்டா வித்தியாசம் தானா குறையும்."

"இது உங்களுக்கு எப்படித் தோணுச்சு?"

"குடும்பத்துல நடந்த ஒரு விஷயம்" என்று மட்டும் சொன்னாள். குழுவில் சிரித்தார்கள், ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்தத் திருத்தமும் வந்தது. இந்தத் தடவை அவளைத் தூக்கிவைத்துக் கொண்டாட யாரும் இல்லை. அது யார் சொன்னது என்றே நிலையத்தில் தெரியாது.

அடுத்த சுற்றில் ஏணிக்காரர் தலைமையில் சங்கம் ஏழு போட்டது. நகரசபை நாலு போட்டது. உறைகளைப் பிரித்தார்கள். திருத்திக்கொள்ள ஒரு வாரம் கொடுத்தார்கள். மூன்றாவது நாளே ஏணிக்காரர் கணக்கு அதிகாரியைத் தேடி நகரசபைக்குப் போனார். இருவரும் தாழ்வாரத்தில் நின்றுகொண்டு பேசினார்கள் என்றும், ஒரு கட்டத்தில் ஏணிக்காரர் போட்ட சத்தத்தில் பிறப்புச் சான்றிதழ் வாங்க வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டாள். ஐந்தரையில் முடிந்தது. நடுவருக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

அன்று மாலை ஏணிக்காரர் தொலைபேசி அறைக்கு வந்தார். அந்த அறைக்குள் அவர் வந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கதவருகில் நின்றார்.

"அஞ்சரை, அக்கா. பேசி முடிச்சாச்சு."

"நல்லது."

"உங்க தம்பி லேசுப்பட்ட ஆள் இல்ல."

"சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்."

அவர் போவார் என்று பார்த்தாள். போகவில்லை. சுவரில் இருந்த வரைபடத்தையே ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். பழைய பேச்சைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"சங்கத்துல கணக்குப் பார்க்க ஆள் இல்லக்கா" என்றார் கடைசியில். "எனக்குப் பேச வரும். கூட்டல் கழித்தல் வராது. நீங்க வரீங்களா?"

"யோசிச்சு சொல்றேன்" என்றாள்.

மறுநாள் வேலை முடிந்து போகும்போது, வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவரிடம் சரி என்றாள். ஒரு நிபந்தனை மட்டும் போட்டாள்: ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைக்கக் கூடாது. ஏணிக்காரர் குழாயை மூடாமலே தலையாட்டினார். தண்ணீர் அவர் காலணிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.